இரவு பதினோரு மணிக் கரண்ட்

அந்த நாவலின் முதல் அத்தியாயத்தை முடித்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துபோய் ஏசியின் ஸ்டெபிலைசரைப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அடுத்து அம்மாவின் அறையை எட்டிப் பார்த்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, அம்மா சுவரைப் பார்த்து ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். 2024 ஏப்ரல் கடைசி வாரம். திருச்சியில் வெயில் நாற்பது டிகிரிக்குக் கீழே இறங்க மறுத்த நாட்கள்.

கிம் ஸ்டான்லி ராபின்சன் என்கிற அமெரிக்க எழுத்தாளர் 2020இல் வெளியிட்ட 'தி மினிஸ்ட்ரி ஃபார் தி ஃபியூச்சர்' என்ற நாவல் அது. எழுதியவர் அமெரிக்கர்தான், ஆனால் கதை தொடங்குவது உத்தரப் பிரதேசத்தின் ஒரு சிறிய ஊரில். வெயிலும் புழுக்கமும் சேர்ந்து ஊரை அழுத்துகின்றன. கரண்ட் போய்விடுகிறது. உதவிப் பணிக்காக அங்கே தங்கியிருக்கும் ஒரு வெளிநாட்டு இளைஞன், ஜெனரேட்டரில் ஓடும் ஏசி இருக்கும் தன் இடத்துக்குள் முடிந்தவரை அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொள்கிறான். சில பேர் துப்பாக்கியைக் காட்டி அந்த ஏசியையும் ஜெனரேட்டரையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இரவில் ஊரே ஏரியில் இறங்குகிறது. ஏரித் தண்ணீரும் உடம்புச் சூட்டில் இருக்கிறது. விடிந்தபோது அவனைத் தவிர மற்ற எல்லாரும் செத்துக் கிடக்கிறார்கள்.

கதைதான். ஆனால் அந்த ஏரி எனக்குத் தெரிந்த ஏரிபோலவே இருந்தது. கரையில் படித்துறை, ஓரத்தில் ஒரு கோயில். கரண்ட் போகும் இடத்தில்தான் நான் நின்றுபோனேன். அதுவரை அந்த ஊர் கஷ்டப்படுகிறது. அதற்குப் பிறகு சாகிறது. நடுவில் இருந்தது ஒரு கம்பி.

தண்ணீருக்குள் இறங்கியும் ஏன் செத்தார்கள் என்று அன்றிரவு அம்மாவிடம் கதையைச் சொன்னபோது கேட்டாள். மண்பானையை வைத்துத்தான் விளக்கினேன். பானை நீரைக் கசியவிடுகிறது, கசிந்தது ஆவியாகிறது, ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அதனால் உள்ளே தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் கசிந்தது ஆவியாகாது. சென்னையில் சித்தி வீட்டுப் பானை நம் வீட்டுப் பானை அளவுக்குக் குளிர்வதில்லை என்று அம்மாவே சொல்வாள். நம் உடம்பும் பானைதான். வியர்வை காயவில்லை என்றால் சூடு வெளியேற வழியில்லை. உடம்புச் சூட்டிலேயே இருக்கும் ஏரியும் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளாது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியால் இதை அளக்கிறார்கள். அந்த ஈரக்குமிழ் அளவு 35 டிகிரியைத் தொட்டால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான மனிதரும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்கமாட்டார் என்றது 2010இல் வந்த ஓர் ஆய்வு. 2022இல் பென்சில்வேனியாவில் இளைஞர்களை வைத்துச் சோதித்துப் பார்த்தபோது, புழுக்கமான சூழலில் 31 டிகிரியை ஒட்டியே உடல் தன் சூட்டைக் கட்டுப்படுத்தத் தடுமாறியது. அவர்கள் இளைஞர்கள். அம்மாவுக்கு எழுபத்து நான்கு. வயதானால் வியர்ப்பதே குறையும். பி.பி. மாத்திரை வேறு.

அதற்கு அடுத்த வாரம், மே மாதம் பிறந்த கையோடு, ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு 'டொப்'பென்று ஒரு சத்தம். தெரு இருண்டது.

பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். மின்வாரியத்தில் துணைமின் நிலைய ஆபரேட்டராக முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வுபெற்றவர். எனக்கு நாற்பத்தாறு வயதாகிறது, அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

"பாப்பா, பக்கத்துத் தெருவுல லைட் எரியுதா பாரு."

"எரியுது பெரியப்பா."

"அப்ப சப்ஸ்டேஷன்லேர்ந்து வர்ற ஃபீடர் லைன் நல்லாத்தான் இருக்கு. உங்க ட்ரான்ஸ்ஃபார்மர்ல ஃபியூஸ் போயிருக்கு. லோடு தாங்கல. ஆளு வந்து போடுவாரு, போட்டதும் எல்லாரும் ஒண்ணா ஏசிய ஆன் பண்ணுவீங்க, மறுபடி போகும். ஒவ்வொருத்தரா போடச் சொல்லு. அம்மாவ முதல்ல கீழ் வீட்டுத் தரைல படுக்க வை. மாடில வைக்காத."

அவர் சொன்னபடியே நடந்தது. பதினொன்றரைக்கு வந்தது, பத்து நிமிடத்தில் போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது. நிலையாக நின்றபோது மணி இரண்டரை. அந்த நாலு மணி நேரமும் அம்மா கீழ் வீட்டு ரேழியில் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கட்டத்தில் என்ன கேட்டாலும் பதில் வர நேரமானது. கால்களை வாளித் தண்ணீரில் வைத்து, கையிலும் கழுத்திலும் தண்ணீர் தடவி விசிறிக்கொண்டே இருந்தேன். என் மண்டைக்குள் அந்த ஏரிதான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வாரமே பேப்பரில் செய்தி வந்தது. மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் உச்ச மின் தேவை 20,830 மெகாவாட், அதுவரை இல்லாத அளவு. அதற்கு முந்தைய ஆண்டு, 2023 ஏப்ரல் 20இல் தொட்ட சாதனை 19,387. ஏறக்குறைய ஓர் ஆண்டில் 1,443 மெகாவாட் கூடியிருக்கிறது. கூடங்குளத்தின் ஓர் அணு உலை முழுமூச்சில் ஓடினால் 1,000 மெகாவாட், அப்படியானால் கூடிய பங்குக்கு மட்டுமே ஏறக்குறைய ஒன்றரை உலை வேண்டும். அதே மே 30இல் இந்தியாவின் மொத்தத் தேவை இரண்டரை லட்சம் மெகாவாட்டைத் தொட்டது. எல்லாமே ஏசி இல்லை, ஆலைகளும் பம்புசெட்டுகளும் சேர்ந்த கணக்கு இது. ஆனாலும் வெயில் ஏறும் வாரத்தில் தேவை ஏறுவதும், ஒரு கோடை மழை பெய்த மறுநாள் அது சரிவதும் யார் கண்ணுக்கும் தெரியும். இத்தனை வருஷமாக இந்தச் செய்திகளைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனவள் நான். இப்போது 20,830 என்பதைப் படிக்கும்போது, அத்தனை பேர் வியர்வை காயாமல் சுவிட்சை நோக்கிக் கை நீட்டுவது தெரிகிறது. அந்த நாவல் எனக்குச் செய்த காரியம் இது.

நான் படித்தவரையில் நம் கதைகளில் பஞ்சம் வந்திருக்கிறது, புயல் வந்திருக்கிறது, ஆறு கரை உடைத்திருக்கிறது. ஃபியூஸ் போன ராத்திரியில் ஒரு கிழவி பதில் சொல்லத் திணறும் கதையை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து எழுதுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். முதலில் எங்கள் தெரு ட்ரான்ஸ்ஃபார்மர். ஒரு தெருவில் எல்லா வீடும் எல்லாச் சாதனத்தையும் ஒரே நேரத்தில் போடாது என்கிற நம்பிக்கையில்தான் ட்ரான்ஸ்ஃபார்மரின் அளவை முடிவு செய்வார்கள். ஒரு வீட்டில் கிரைண்டர் ஓடும்போது இன்னொரு வீட்டில் டிவி ஓடும், கணக்கு சரியாகிவிடும். ஏசி இந்தக் கணக்கைக் குலைத்துவிட்டது. சாதாரண ஃபேன் 75 வாட், ஒன்றரை டன் ஏசி கம்ப்ரசர் ஓடும்போது ஏறக்குறைய 1,500 வாட். ஒரு வீட்டில் ஒரு ஏசி வந்தால் இருபது ஃபேன் வந்ததற்குச் சமம். அதுவும் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில்தான் வெக்கை தாங்க முடியாமல் போகிறது. இன்னொன்று, ட்ரான்ஸ்ஃபார்மருக்கும் ராத்திரி ஓய்வு வேண்டும். உள்ளே இருக்கும் எண்ணெய் இரவுக் குளிரில் ஆறித்தான் மறுநாள் சுமைக்குத் தயாராகும். ராத்திரியே கொதித்தால் அது எப்போது ஆறும்? "மெஷினுக்கும் மனுஷனுக்கும் ஒரே வியாதிதான் பாப்பா" என்றார். கம்பிகள் சூட்டில் தொய்கின்றன, அனல்மின் நிலையத்தைக் குளிர்விக்கும் தண்ணீரே வெதுவெதுப்பாக வருகிறது, சூரியத் தகடுகூட அதிகம் சூடானால் கொஞ்சம் குறைவாகவே தருகிறது. நமக்குக் கரண்ட் அதிகம் வேண்டிய நாளில்தான் அதைத் தருகிற எல்லாமும் களைத்துப்போகின்றன.

"நம்மகிட்டதான் காத்தாலை இவ்வளவு இருக்கே பெரியப்பா?" என்று கேட்டேன். தமிழ்நாட்டில் 1986இலேயே தூத்துக்குடியில் காற்றாலை நட்டுவிட்டார்கள். இன்று நிறுவப்பட்ட அளவு பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல். முப்பந்தல் வழியாகப் பஸ்ஸில் நாகர்கோவில் போகும்போது அந்த விசிறிக் காட்டைப் பார்க்கச் சின்ன வயதில் ஜன்னல் சீட்டுக்கு அழுதிருக்கிறேன். ஆனால் அந்தக் காற்று தென்மேற்குப் பருவக்காற்று. மலைக் கணவாய்களின் வழியே அது வரத் தொடங்குவது மே பாதிக்கு மேல், செப்டம்பர் வரை வீசும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்தான், ஆனால் நாம் வேகிறது சித்திரையில். 2023இலும் 2024இலும் உச்சத்தைத் தொட்ட அந்தத் தேதிகளைத் திரும்பப் பாருங்கள். ஏப்ரல் 20, மே 2. காற்று வரும் முன்பே தேவை வந்து நின்றுவிட்டது.

பகலில் சூரியன் தோள் கொடுக்கிறது. கமுதியில் 2016இல் 648 மெகாவாட்டுக்கு ஒரே இடத்தில் தகடு விரித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வந்துவிட்டன. ஆறு, ஆறரைக்கு அவை எல்லாம் அடங்கும். அந்த நேரத்தில்தான் நம் கான்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த வெயிலை அறைக்குள் கக்க ஆரம்பிக்கிறது. நள்ளிரவு தாண்டியும் கக்கும். காற்று இல்லாத, சூரியன் இல்லாத சித்திரை மாத இரவில் ஓடும் ஏசிக்குப் பெரும்பாலும் நிலக்கரிதான் கரண்ட் தருகிறது. மீதிக்கு அணு உலை, அணைத் தண்ணீர், வெளியிலிருந்து விலைக்கு வாங்குவது. இந்தியாவில் ஒரு யூனிட் கரண்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு மேலே போகிறது. எங்கள் வீட்டு ஏசி ஒரு ராத்திரிக்கு எட்டு யூனிட் இழுத்தால் ஐந்தரைக் கிலோவுக்கு மேல். இந்த வருஷ வெயிலுக்குப் போடுகிற ஏசி, வருகிற வருஷத்து வெயிலுக்கு விறகு அடுக்குகிறது.

பெரியப்பாவின் முகம் மலர்ந்தது காடம்பாறையைப் பற்றிப் பேசும்போது. ஆனைமலையில் இருக்கிறது. கரண்ட் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்துத் தண்ணீரைக் காடம்பாறை அணைக்கு மேலே ஏற்றுவார்கள். தேவை உச்சத்துக்குப் போகும்போது அதே தண்ணீரைக் கீழே விட்டு 400 மெகாவாட் எடுப்பார்கள். எண்பதுகளின் கடைசியில் கட்டியது. "மலை மேல ஏத்தி வெச்ச கரண்ட்" என்பார். மத்தியானத்துச் சூரியனை ராத்திரி பதினோரு மணிக்குக் கொண்டுவர இதைப் போல வழிகள்தான் வேண்டும், மலையில் தண்ணீராகவோ பேட்டரியாகவோ. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்பே அந்த வித்தையைத் தெரிந்துகொண்ட நாம் அதைப் பத்தாகப் பெருக்காமல் விட்டது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

2012 ஞாபகம் வருகிறது. அந்த ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களில் கிரிட், அதாவது மாநிலங்களை இணைக்கும் மின் வலை, விழுந்து அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இருளில் இருந்தார்கள். தெற்கு தப்பித்தது, காரணம் தென்னகக் கிரிட் அப்போது மற்றவற்றோடு ஒரே தாளத்தில் இணைக்கப்படவில்லை. ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் வழியாக இணைத்தது 2013 டிசம்பர் 31இல்தான். தப்பித்தோம் என்று பெருமைப்பட முடியாத வருஷம் அது. சென்னைக்கு வெளியே நாங்கள் தினமும் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் இருந்தோம். ஆனால் அப்போது மொட்டைமாடி இருந்தது. பாய், தலையணை, சொம்புத் தண்ணீர். தளத்தில் வாளி வாளியாக ஊற்றி, அது காயும்வரை கதை பேசி, அப்படியே தூங்கிப்போவோம். இன்று அதே மாடியில் நாலு பக்க வீடுகளின் ஏசி வெளிப்பெட்டிகளும் அனலை ஊதுகின்றன. பத்து நிமிடம் நிற்க முடியவில்லை.

இதையெல்லாம் சொன்னால் உடனே ஒரு குரல் வரும்: ஏசி ஆடம்பரம், அந்தக் காலத்தில் வாழவில்லையா? எனக்கு இந்தப் பேச்சு கோபத்தைத் தருகிறது. இந்தியாவில் பத்து வீட்டில் ஒரு வீட்டில்தான் ஏசி இருக்கிறது. 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெயில் 46.8 டிகிரியைத் தொட்டபோது, வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். அந்த அடிக்குப் பிறகுதான் 2013இல் அந்த நகரம் வெப்பத்துக்கென்று ஒரு செயல்திட்டம் போட்டது. தமிழ்நாடு அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பேரிடர் என்று அரசாணையிலேயே வந்த பிறகு, அதிலிருந்து தப்ப உதவும் ஒரே பெட்டியை ஆடம்பரம் என்று எப்படிச் சொல்வது? எழுபத்து நான்கு வயதில் ஒருத்தி மின்சாரச் செலவை நினைத்துப் புழுங்கிக்கொண்டு படுத்திருப்பதில் எந்தத் தியாகமும் இல்லை.

அம்மா அப்படித்தான் படுத்திருந்தாள், அந்த ராத்திரி வரைக்கும். அவளுக்கு 500 என்ற எண்ணின் மேல் பயம். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங். 2016இல் முதல் 100 யூனிட்டை இலவசமாக்கினார்கள். 500ஐத் தாண்டிவிட்டால் தாண்டிய யூனிட்டோடு நிற்காது, கீழே இருக்கும் சில யூனிட்டுகளுக்கும் ரேட் ஏறும். அதனால் ஐம்பதாவது நாளிலிருந்து மீட்டர் பெட்டியை எட்டி எட்டிப் பார்ப்பாள். சிக்கனம் நல்லதுதான். ஆனால் மத்தியானம் ஒரு மணிக்குச் சூரியன் தரும் யூனிட்டும் ராத்திரி பதினொன்றுக்கு நிலக்கரி தரும் யூனிட்டும் அம்மாவின் மீட்டரில் ஒன்றுதான். எப்போது செலவழிக்கிறோம் என்பதை வீட்டுக்காரர்களுக்கு உணர்த்த அந்த பில்லில் எதுவுமே இல்லை. வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றையும் நான் இப்போது மத்தியானத்துக்கு மாற்றிவிட்டேன். யாரும் தள்ளுபடி தரவில்லை, பரவாயில்லை.

கம்ப்யூட்டர் கிடங்குகளின் பசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகத்து டேட்டா சென்டர்கள் 2024இல் ஏறக்குறைய 41,500 கோடி யூனிட் சாப்பிட்டன, 2030இல் அது 94,500 கோடியை நெருங்கும் என்று சர்வதேச எரிசக்தி முகமை கணித்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுதான் முக்கியக் காரணம். அம்மாவின் ஏசியும் அதுவும் ஒரே நிலக்கரிக்குப் போட்டி போடும் இரவில் யார் முதலில் கையை எடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நாங்கள் செய்த பெரிய வேலை மாடித் தளத்தில்தான். பழைய வீடுகளின் தளத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்து இடித்து, மேலே தட்டோடு பதிப்பார்கள். எங்கள் வீட்டில் சிமென்ட்தான். 2025 பிப்ரவரியில் சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒட்டிக்கொள்ள ஃபெவிகால் சேர்த்து, இரண்டு கோட்டிங் வெள்ளை அடித்தோம். வெள்ளைத் தளம் வெயிலைக் குடிக்காமல் திருப்பி அனுப்புகிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மாவின் அறையில் வெப்பமானியை மாட்டிப் பார்த்தேன். முன்பைவிட மூன்று டிகிரி குறைவு. ஏசியை 26இல் வைத்து ஃபேனையும் மெல்ல ஓடவிட்டால் பன்னிரண்டு மணிக்கு அணைத்துவிடலாம். அம்மா மீட்டரைப் பார்ப்பதை விட்டு இப்போது வெப்பமானியைப் பார்க்கிறாள்.

சுண்ணாம்பு மிஞ்சியிருந்தது. எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி சிமென்ட் ஷீட் கூரை போட்ட ஒற்றை அறையில் இஸ்திரி போடும் அக்கா குடும்பம் இருக்கிறது. பகலெல்லாம் கரிப்பெட்டியோடு நிற்பவர். "அக்கா, உங்க ஷீட்டுக்கும் அடிச்சிடலாமா?" என்று கேட்கப் போனேன். சரி என்றவர் கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "அது கிடக்கட்டும்மா. உங்க மெஷின் ஓடுனா எங்க ஜன்னலத் தொறக்க முடியல. அனலா அடிக்குது. சின்னவன் தூங்க மாட்டேங்கிறான்."

எங்கள் ஏசியின் வெளிப்பெட்டி பின்சுவரில், அவர்கள் வீட்டு ஒரே ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. இரண்டு வருஷமாக. அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை, நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நாவலில் துப்பாக்கி காட்டி ஏசியைப் பிடுங்கிக்கொண்டு போனவர்களை நான் எவ்வளவு வெறுத்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். எங்கள் அறையிலிருந்து எடுத்த சூட்டை நாங்கள் தினமும் ராத்திரி அந்தப் பிள்ளையின் அறைக்குள் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம்.

மெக்கானிக்கை வரவழைத்தேன். பைப் நீளம் கூடும், கேஸ் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கும், நாலாயிரம் ஆகும் என்றார். பெட்டி மொட்டைமாடிக்குப் போனது. அன்று சாயங்காலம் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் ஏணி போட்டு ஷீட்டின் மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். நான் கீழே நின்று வாளியை எடுத்துக் கொடுத்தேன். ஏப்ரலில் ஒரு ராத்திரி பதினோரு மணிவாக்கில் பின்பக்கம் போனபோது, அந்த ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே டேபிள் ஃபேன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தது.